ஒரு மூட்டை சோள மாவு

1946 ஜனவரி 19. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், ஸ்மோக்கி மலைகளை ஒட்டிய செவியர் கவுண்டி. ஆற்றங்கரையோரம் ஓர் அறை மட்டுமே கொண்ட மர வீடு. அங்கே நாலாவது பிள்ளை பிறக்கிறது. பிரசவம் பார்க்க வந்தவர் ராபர்ட் தாமஸ் என்ற மிஷன் டாக்டர். குழந்தையின் அப்பா லீ பார்ட்டன், அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டுப் பிழைப்பவர். கையில் காசு கிடையாது. வீட்டில் இருந்த சோள மாவில் ஒரு மூட்டையை டாக்டரிடம் கொடுத்தார். டாக்டரும் வாங்கிக்கொண்டார். பிரசவச் செலவு அத்தோடு முடிந்தது.

அந்தக் குழந்தைதான் டாலி பார்ட்டன். அவருக்குப் பின் இன்னும் எட்டுப் பிள்ளைகள் பிறந்தார்கள், மொத்தம் பன்னிரண்டு பேர். பள்ளிப் படிப்பு முடிந்த மறுநாளே நாஷ்வில்லுக்குக் கிளம்பிப்போய் உலகம் அறிந்த கன்ட்ரி பாடகியானார். அப்புறமும் அந்த மாவு மூட்டையை அவர் மறக்கவில்லை. டாக்டரின் பெயரில் ஒரு பாட்டே எழுதினார். சொந்த ஊர்ப் பக்கம் அவர் நடத்தும் டாலிவுட் கேளிக்கைப் பூங்காவில், அத்தனை ராட்டினச் சத்தத்துக்கும் நடுவே ஒரு சின்னத் தேவாலயம் இருக்கிறது. அதற்கும் டாக்டர் தாமஸின் பெயர்தான்.

கன்ட்ரி இசை என்றதும் அகலமான தொப்பியும் பூட்ஸும் ஜிகினா சட்டையும்தான் பலருக்கு நினைவு வரும். நானும் வெகுநாள் அந்த வேஷத்தைத் தாண்டிப் பார்க்கவில்லை. பிறகுதான் அந்தப் பாடகர்கள் மேடையை விட்டு இறங்கிய பிறகு எப்படி வாழ்ந்தார்கள் என்று தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று புலப்பட்டது. இவர்கள் பட்ட கடனை மனதில் வைத்திருப்பவர்கள். பணமாகத் திருப்ப முடியாத கடன் என்றால் இன்னும் ஆழமாக வைத்திருப்பவர்கள். பாட்டுக் குரலில் இருக்கிற கனம் அங்கிருந்துதான் வருகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வேலன் ஜென்னிங்ஸின் கதையைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. 1959-ல் அவருக்கு 21 வயது. டெக்சாஸ் பையன், ராக் அண்ட் ரோல் பாடகர் பட்டி ஹாலியிடம் பேஸ் கிடார் வாசிக்கிறார். கொட்டும் பனியில், ஊர் ஊராகக் கச்சேரி. போகிற பஸ்ஸில் ஹீட்டர் வேலை செய்யாது. குளிரில் கால் விறைத்து, டிரம்ஸ் வாசிப்பவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. பிப்ரவரி 2 அன்று அயோவா மாநிலத்தில் கிளியர் லேக் என்ற ஊரில் கச்சேரி. இனி இந்த பஸ்ஸே வேண்டாம் என்று ஹாலி ஒரு குட்டி விமானத்தை வாடகைக்குப் பேசினார். முன்னாலேயே போய்ச் சேர்ந்தால் அழுக்குத் துணியையாவது துவைத்துக்கொள்ளலாம், கொஞ்சம் தூங்கலாம் என்ற கணக்கு. விமானியைத் தவிர மூன்று பேருக்குத்தான் இடம். அதில் ஒன்று வேலனுக்கு.

கூடப் பாடிக்கொண்டிருந்த ஜே. பி. ரிச்சர்ட்சனுக்கு ஃப்ளூ காய்ச்சல். ஆளும் பெரிய உடம்புக்காரர், பஸ் இருக்கையில் அடங்க மாட்டார். உன் இடத்தை எனக்குத் தருகிறாயா என்று கேட்டார். வேலன் கொடுத்துவிட்டார். விஷயம் தெரிந்த ஹாலி சிரித்துக்கொண்டே, உன் பஸ் வழியிலேயே உறைந்து நிற்கட்டும் என்று சீண்டினார். வேலனும் விடவில்லை. உன் பிளேன் விழுந்து நொறுங்கட்டும் என்று திருப்பிச் சொன்னார். இரண்டு பேரும் சிநேகிதர்கள். விளையாட்டுக்குத்தான் சொன்னார்கள்.

நள்ளிரவு தாண்டிக் கிளம்பிய விமானம் சில நிமிடங்களில் ஒரு வயலில் விழுந்தது. ஹாலிக்கு 22 வயது, ரிச்சர்ட்சனுக்கு 28. கூட இருந்த ரிச்சி வேலன்ஸுக்கு 17 தான், காசு சுண்டிப் பார்த்து இடம் பிடித்திருந்தார். விமானிக்கு 21. யாரும் பிழைக்கவில்லை.

வேலனும் மற்றவர்களும் அதே பஸ்ஸில் அடுத்த ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அன்று இரவே கச்சேரி நடந்தது. ஹாலி பாட வேண்டிய இடத்தில் வேலன் நின்று பாடினார். தன் வாய்ச்சொல்தான் பலித்துவிட்டதோ என்ற எண்ணம் அவரைப் பல வருஷம் அரித்தது. பின்னாளில் கன்ட்ரி இசையின் பெரிய தலைகளில் ஒருவரானார். பெயரும் புகழும் வந்தன, போதைப் பழக்கமும் வந்து ஒட்டிக்கொண்டது. அதிலிருந்து மீண்டு வந்தார். யாருக்கோ உரிய ஆயுளைத் தான் வாழ்ந்துகொண்டிருப்பதாக ஒருவன் நினைத்தால் அந்த ஆயுளை என்ன செய்வான்? வேலன் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் அவர். படிப்பு முக்கியம் என்று தன் சின்ன மகனுக்குச் சொல்லத் தனக்கே தகுதி வேண்டும் என்று நினைத்தார். கச்சேரிக்குப் போகிற பஸ்ஸில் வீடியோ பாடங்களைப் போட்டுப் பார்த்துப் படித்து, ஐம்பது வயதுக்கு மேல் பள்ளி இறுதிக்குச் சமமான தேர்வை எழுதித் தேறினார்.

இன்னொரு கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சனுக்கு வந்தது நிஜமான பணக் கடன். 1990-ல் வருமான வரித் துறை அவர் சொத்துகளைப் பூட்டியது. பாக்கி 1 கோடியே 67 லட்சம் டாலர். மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிடுங்கள் என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. அவர் இணங்கவில்லை. தன் குரலையும் ஒரே ஒரு கிடாரையும் மட்டும் வைத்து ஓர் ஆல்பம் போட்டு, வருமானத்தை வரித் துறைக்கே கொடுத்தார். 1993-ல் கணக்குத் தீர்ந்தது. சொத்துகள் பூட்டப்படுவதற்கு ஐந்து வருஷம் முன்பு, கடனில் மூழ்கிய விவசாயிகளுக்காக ஃபார்ம் எய்ட் கச்சேரியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அவருடைய பொருள்கள் ஏலத்துக்கு வந்தபோது, நண்பர்களும் ரசிகர்களும் எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் ‘டிரிகர்’ என்று அவர் பெயர் வைத்த அந்தக் கிடார் ஏலம் வரைக்கும் போகவில்லை. மகள் லானா முன்னதாகவே அதை ஹவாய்க்கு அனுப்பிப் பத்திரப்படுத்தியிருந்தார். அந்தக் கிடாரின் படத்தைப் பாருங்கள். விரல் நகமும் பிக்கும் உரசி உரசி, மரத்திலேயே இன்னொரு ஓட்டை விழுந்திருக்கும்.

மறுபடி டாலிக்கு வருகிறேன். அவர் எழுதிப் பாடி 1974-ல் வெளியான ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ பாட்டை எல்விஸ் பிரெஸ்லி பாட விரும்பினார். பாட்டின் பதிப்புரிமையில் பாதி வேண்டும் என்றார் எல்விஸின் மேலாளர். டாலி ராத்திரியெல்லாம் அழுதார், ஆனாலும் கொடுக்கவில்லை. 1992-ல் ‘தி பாடிகார்ட்’ படத்துக்காகக் கறுப்பினப் பாடகி விட்னி ஹூஸ்டன் அதைப் பாடியபோது பணம் கொட்டியது. விட்னி குரலால் வந்த காசு இது என்று நினைத்து, நாஷ்வில்லில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில் ஒரு வளாகத்தை வாங்கினார்.

ஆனால் அவருடைய பெரிய கடன் அப்பாவுக்குத்தான். மாவு மூட்டை கொடுத்த லீ பார்ட்டனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே வயல் வேலை. தான் பார்த்ததிலேயே அவர்தான் புத்திசாலி என்று சொல்வார் டாலி. படிப்பில்லாத குறை மட்டும் அவரை உள்ளுக்குள் குத்திக்கொண்டே இருந்தது. அவரை நினைத்துத்தான் 1995-ல் செவியர் கவுண்டியில் ‘இமாஜினேஷன் லைப்ரரி’யைத் தொடங்கினார். குழந்தை பிறந்ததிலிருந்து ஐந்து வயது ஆகும் வரை மாதம் ஒரு புத்தகம், தபாலில், இலவசமாக, குழந்தையின் பெயருக்கே வரும். தன் பெயர் போட்டு ஒரு பார்சல் வருவது அந்த வயதில் எவ்வளவு பெரிய விஷயம்! ஒரு கவுண்டியில் ஆரம்பித்தது ஐந்து நாடுகளுக்குப் பரவி, 20 கோடிப் புத்தகங்களைத் தாண்டிவிட்டது.

அப்பா 2000-ல் இறந்தார். அதற்குள் ஊர்ப் பிள்ளைகள் தன் மகளை ‘புத்தகக்கார அம்மா’ என்று கூப்பிடுவதைக் காதால் கேட்டுவிட்டார். அவளுடைய பாட்டைவிட இதில்தான் அவருக்குப் பெருமை அதிகமாம்.

செவியர்வில் ஊரில் கோர்ட்டு வாசலில் 1987-ல் டாலிக்கு ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள். கையில் கிடாரோடு, வெறுங்காலோடு, பாறைமேல் உட்கார்ந்திருக்கிற இளம்பெண். புறாக்கள் அதன்மேல் உட்கார்ந்து எச்சமிடும். இரவில் ஊர் அடங்கிய பிறகு லீ பார்ட்டன் ஒரு வாளி சோப்புத் தண்ணீரையும் விளக்குமாற்றையும் தன் டிரக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்புவார். கோர்ட்டு வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கி, மகளைத் தேய்த்துக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போவார்.