எல்லாக் கோழியும் தாய்க்கோழி ஆகாது

கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் போதும், களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் கோழி வண்டிகளை நிறுத்திப் பார்க்கிறார்கள். மாநில எல்லையில் காட்டும் இந்தக் கவனத்தை நம் வீட்டு வேலிக்குள் காட்டுவதில்லை. சந்தையில் வாங்கிய குஞ்சோ அரசு கொடுத்த குஞ்சோ, அட்டைப்பெட்டியில் வந்திறங்கிய அன்று மாலையே பழைய கோழிகளோடு ஒரே கூட்டில் அடைபடுகிறது. பிறகு ஒவ்வொன்றாகச் செத்தால் 'கோழி நமக்கு ராசியில்லை' என்று சொல்லிவிடுகிறோம். ராசியின் மேல் பழி போட்டுப் பயனில்லை. குஞ்சுகளைப் பழைய கூட்டத்தோடு சேர்ப்பதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். குஞ்சு தரும் திட்டங்கள் அந்த வாரங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கோழிக் கூட்டத்துக்குள் மேல் கீழ் உண்டு. யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசையை நார்வே நாட்டு ஆய்வாளர் தோர்லீஃப் ஷெல்டெரப்-எபே 1921-இல் தம் ஆய்வேட்டில் விளக்கினார். தீவனத் தட்டருகே நின்று பார்த்தால் அது யாருக்கும் விளங்கும். மூத்த பெட்டை தலையைத் தூக்கினாலே அடுத்தது ஒதுங்குகிறது. வரிசை தெரியாத புதுக் குஞ்சு தவிட்டில் மூக்கை வைக்கிறது, உச்சந்தலையில் ஒரு கொத்து விழுகிறது. திறந்த விளையில் அது ஓடிப் பிழைக்கும். அடைத்த கூட்டில் மூலையில் ஒடுங்கும். ரத்தம் துளிர்த்துவிட்டால் மற்ற கோழிகளும் அந்தச் சிவப்பைத் தேடி வந்து கொத்தும். கொத்தைவிடக் கொடியது நோய். 1927-இல் குமாவுன் மலைப்பகுதியில் கண்டறியப்பட்டு, அந்த ஊரின் பெயராலேயே ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக்கழிச்சல், உடலில் நுழைந்து அறிகுறி காட்ட 2 நாளும் ஆகலாம், 15 நாளும் ஆகலாம். வந்த அன்று துள்ளித் திரியும் குஞ்சு நோயைக் கொண்டு வந்திருக்கலாம். பழைய கோழியின் எச்சத்திலும் ஆபத்து உண்டு. பழகிப்போன பெரிய கோழியைத் தொந்தரவு செய்யாத ரத்தக்கழிச்சல் கிருமி, 3 முதல் 6 வாரக் குஞ்சை வீழ்த்திவிடும்.

'எங்கள் பாட்டி எந்தத் தடுப்பு வைத்தாள்?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பாட்டி காலத்துக் குஞ்சு, 21 நாள் அடைகாத்த தாயோடு முற்றத்தில் இறங்கியது. இன்னொரு பெட்டை நெருங்கினால் தாய் இறகைச் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்தது. அந்தத் தாய்தான் தடுப்பு. கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா என்ற பழமொழியும் பெற்றவளைப் பற்றியது. இன்று கைக்கு வருபவை பொரிப்பான் குஞ்சுகள். அடைகோழிக்கு அடியில் இரவில் வைத்துவிடலாமே என்றால், பிறந்து ஓரிரு நாளான குஞ்சுக்குத்தான் அது பலிக்கும். வளர்ந்த குஞ்சை அடைகோழி சேர்ப்பது அரிது. இடம் எங்கே என்பது அடுத்த கேள்வி. 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் வாழும் மாவட்டம் எங்கள் குமரி. சிறு முற்றம்தான் பலருக்கும். ஆனால் தேவைப்படுவது தனிக் கொட்டகை இல்லை. முதல் மூன்று வாரம் வீட்டின் மறுபக்கம் ஒரு பஞ்சாரம். பிறகு பழைய கூட்டின் அருகிலேயே வலைத் தடுப்பு, ஒன்றையொன்று பார்க்கலாம், கொத்த முடியாது. உடல் ஓரளவு ஒத்துவந்த பின், 12 வார வாக்கில், தீவனத்தை இரண்டு மூன்று இடங்களில் வைத்துத் திறந்துவிட்டால் போதும். கடற்கரை ஊர்களில் கிழிந்த மீன்வலைக்கா பஞ்சம்? தடுப்புக்குள் குஞ்சுக்குத் தனித் தட்டு வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து குஞ்சுக்குத் தேவையானதைப் போல மூன்று நான்கு மடங்கு, அது குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இங்கேதான் அரசின் பங்கு வருகிறது. கிராமப்புற ஏழைப் பெண்களுக்கு நாட்டுக்கோழிக் குஞ்சு வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு நடத்தியிருக்கிறது. நல்ல திட்டம். கொடுத்ததோ 4 வாரக் குஞ்சு. தாய் ஏற்காத, கூட்டம் பொறுக்காத, ரத்தக்கழிச்சல் தாக்கும் வயது அது. ஏற்கெனவே கோழி இருக்கும் வீட்டுக்கு அதைத் தரும்போது, சில மீட்டர் வலையும், எப்படிச் சேர்ப்பது என்ற ஒரு பக்கக் குறிப்பும், கால்நடை மருந்தகத்தில் ஒரு மணி நேரப் பயிற்சியும் சேர்ந்து வர வேண்டும். மாதத்தையும் யோசிக்க வேண்டும். கால்நடைத் துறையின் இலவச வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாம் பிப்ரவரி முதல் இரு வாரங்களில் நடப்பது வழக்கம். அந்த ஊசி 8 வாரம் கடந்த கோழிகளுக்கு உரியது. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து ஜனவரித் தொடக்கத்தில் 4 வாரக் குஞ்சைக் கொடுத்தால், முகாம் நாளில் அதற்கு 8 வாரம் நிறைந்திருக்கும். ஊசி போட்ட குஞ்சு மார்ச்சில் மூத்த பெட்டையின் முன் போய் நிற்கட்டும். அப்போதும் கொத்து வாங்கும். ஆனால் பிழைத்துக்கொள்ளும்.