ஜனவரி 4ஐப் பார்த்து ஜனவரி 6ஐக் கேட்கிறேன்

என் அக்காவின் மகன் ஜப்பானில் ஓர் உணவுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். இந்த வருடம் ஜனவரி 4, ஞாயிற்றுக்கிழமை, பொழுது பட்ட நேரம் வட்ஸ்அப்பில் அழைத்தான். இங்கே மன்னார், பேசாலையில் வாடைக்காற்று கூரைத் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. அங்கே இரவாகிவிட்டது. சுய்தோபாஷி ரயில் நிலையத்தை நோக்கிப் போகும் சனத்துக்குள் நின்று பேசினான். குரல் அடைத்திருந்தது.

"மாமா, தனஹாஷி போயிட்டாரு. பத்துத் தரம் மணி அடிச்சாங்க. எனக்குப் பக்கத்தில இருந்த கிழவன் தொப்பியைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு அழுதாரு."

அவன் சொன்னது ஹிரோஷி தனஹாஷியை. 1999இல் களமிறங்கிய மல்யுத்த வீரர். அன்று டோக்கியோ டோம் அரங்கில், 46,913 பேர் பார்த்திருக்க, கசுச்சிகா ஒகாடாவோடு கடைசிச் சண்டையை முடித்துக்கொண்டு ஓய்வு பெற்றார். ஓய்வு பெறும் வீரருக்குப் பத்துத் தரம் மணி அடிப்பது அங்கே வழக்கம். எங்கள் ஊரில் ஆள் மோசம் போனால் கோயில் மணி அடிக்கும். கேட்டவர் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு யார் என்று விசாரிப்பார். அந்த இடைவெளி விட்டு அடிக்கும் மணிதான் எனக்கு ஞாபகம் வந்தது.

மல்யுத்தம் எங்கள் தலைமுறைக்குப் புதிதல்ல. கிங்காங்கையும் தாராசிங்கையும் பற்றி அப்பா கதை கதையாகச் சொல்வார். ஊரில் பருத்த பிள்ளைக்குக் கிங்காங் என்றுதான் பட்டப்பெயர். அந்தக் கிங்காங் 1955இல் டோக்கியோவில் ரிக்கிடோசானிடம் தோற்றார் என்பதும், ஆசியப் பட்டம் அன்றைக்கு ஜப்பானுக்குப் போனது என்பதும் எனக்கு மருமகன் சொல்லித்தான் தெரியும். ரிக்கிடோசானிடம் பயின்றவர் அந்தோனியோ இனோக்கி. இனோக்கி 1972இல் தொடங்கியதுதான் நியூ ஜப்பான் புரோ ரெஸ்லிங். அவர்கள் 1992 ஜனவரி 4ஆம் திகதி டோக்கியோ டோமில் ஒரு பெரிய நிகழ்ச்சி நடத்தினார்கள். அடுத்த வருடமும் அதே திகதி, அதே இடம். அதற்கடுத்த வருடமும் அப்படியே. 2007இலிருந்து அதற்கு ரெசில் கிங்டம் என்று பெயர். இந்த வருடத்தோடு ஜனவரி 4 என்பது 35 தடவை வந்துவிட்டது. ஒரு தடவையும் தவறவில்லை.

நான் எழுத வந்தது அந்தத் திகதியைப் பற்றித்தான்.

2022இல் ஜனவரி 4 செவ்வாய்க்கிழமை, 2023இல் புதன், 2024இல் வியாழன். சனி ஞாயிறுக்குத் தள்ளினால் கூட்டம் கூடும் என்று யாரும் தள்ளவில்லை. 2024இல் மூன்று நாளைக்கு முன்புதான் நோட்டோவில் பெரிய நிலநடுக்கம், அப்போதும் நடத்தினார்கள். கொரோனாக் காலத்தில் வாய் திறந்து கத்தக் கூடாது, கைதட்டலாம் என்று கட்டுப்பாடு இருந்தது. அரங்கில் பாதிக்கு மேல் வெறுங்கதிரை. அப்போதும் நடத்தினார்கள். சனம் குறைந்த வருடங்களில் திகதியைக் காப்பாற்றி வைத்திருந்தபடியால்தான் இந்த வருடம் அத்தனை ஆயிரம் பேர் வந்து உட்கார ஓர் இடம் இருந்தது என்று நான் நினைக்கிறேன்.

"அது பொய்ச்சண்டைதானே, முடிவு முன்கூட்டியே தெரியுமே" என்று என்னோடு வாதாடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் பேசாலையில் இருந்துகொண்டுதான் பதில் சொல்ல வேண்டும். என் அப்பா கூத்துப் பழக்கும் அண்ணாவியார். மன்னாரில் இரண்டு மூன்று இரவு ஆடும் பெரிய கூத்தை நாடகம் என்போம். அதையே ஓர் இரவுக்குள் சுருக்கி ஆடினால் வாசாப்பு. எண்டிரிக்கு எம்பரதோர் நாடகத்தில் யார் வெல்வார், யார் தோற்பார் என்பது பேசாலைக் கரையில் பிறந்த எந்தப் பிள்ளைக்குத் தெரியாது? மூவிராசாக்கள் நாடகத்தில் மூன்று ராசாக்களும் பாலனைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது தெரிந்துதான் பாயையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு கோயில் முற்றத்துக்குப் போனோம். விடிய விடிய இருந்தோம். ஏரோது வரவு வந்தபோது என் தங்கை அம்மாவின் சீலைக்குள் ஒளிந்துகொண்டாள். ஏரோது எங்கள் பக்கத்து வீட்டுச் சின்னையா என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

1981இல் நான் இரண்டாந் தோற்ற ராசாவாக ஆடினேன். உடுப்பில் கண்ணாடித் துண்டுகள் தைத்திருக்கும். தோளில் போட்டால் ஈரவலை மாதிரி இழுக்கும். முடியை இறுக்கிக் கட்டினால் ஒரு மணித்தியாலத்தில் நெற்றி மரத்துப்போகும். வாட்சண்டைக்குத் தாளக்கட்டு உண்டு. எத்தனையாவது அடியில் அவன் வாள் மேலே வரும், எத்தனையாவது அடியில் நான் விலக வேண்டும் என்பதெல்லாம் ஐந்து மாதம் பழகியது. அரங்கேற்ற இரவில் நான் ஓர் அடி பிந்திவிட்டேன். மரவாள் இடது கைச் சின்னவிரலில் இறங்கியது. பாட்டை விடவில்லை, விருத்தத்தை முடித்துவிட்டுத்தான் உள்ளே போனேன். அந்த விரல் இன்றைக்கும் முழுக்க மடங்காது. அடித்தவன் என் கூட்டாளி. இப்போதும் காலையில் மீன் வாடிக்குப் போகும் வழியில் அதைப் பிடித்துப் பார்த்து, "இன்னும் மடங்கலையா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவான்.

ஆகவே கற்சுயோரி ஷிபாத்தாவின் கதையை மருமகன் சொன்னபோது எனக்கு விளங்கப்படுத்த வேண்டி இருக்கவில்லை. 2017 ஏப்ரலில் ஒகாடாவோடு மோதும்போது ஷிபாத்தா தன் நெற்றியால் எதிராளியின் நெற்றியில் முட்டினார். நிஜமாகவே முட்டினார். மூளை உறைக்குக் கீழே இரத்தம் கசிந்து, உயிருக்கு ஆபத்தாகி, சத்திரசிகிச்சை செய்யும்படி ஆனது. இனிச் சண்டையே இல்லை என்றுதான் எல்லாரும் இருந்தார்கள். அவர் அமெரிக்காவுக்குப் போய், லொஸ் ஏஞ்சல்ஸில் இளம் பிள்ளைகளுக்குப் பழக்குகிறவராக மாறினார். 2022 ஜனவரி 4 அன்று மீண்டும் முழுச் சண்டைக்குக் களத்துக்கு வந்தார். எதிரே நின்ற ரென் நரித்தா அவரிடமே பழகிய பையன். பிடியும் பூட்டும் மட்டும் என்று அறிவித்திருந்த சண்டை அது. ஷிபாத்தா மைக்கை எடுத்து, வழமையான மல்யுத்த விதிப்படியே ஆடுவோம் என்றார். அடி வாங்கப் போகிறேன் என்று அதற்கு அர்த்தம்.

நான் இதைப் பிறகு தொலைபேசியில் பார்த்தேன். கத்தத் தடை இருந்த காலம் என்பதால் கைதட்டல் மட்டுமே கேட்கிறது. மகிழ்ச்சியா பயமா என்று பிரிக்க முடியாத கைதட்டல். நரித்தாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். குருவை அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் அதுதான் அவமரியாதை. என் அப்பா கடைசியாகக் களரியில் ஏறியபோது அவருக்கு எதிர்ப்பாட்டுப் பாடியவன் அவரிடமே எழுத்தும் பாட்டும் பழகியவன். அப்பாவுக்கு மேல்தாயி எட்டவில்லை. அவனுக்கு எட்டும். அவன் குரலை இறக்கிப் பாடினான். பாட்டு முடிந்து உள்ளே வந்ததும் அப்பா அவனைப் பேசிய பேச்சு கொஞ்சமில்லை. "எனக்காகவாடா இறக்கிப் பாடினாய்? பாட்டுக்கு என்ன மரியாதை?" என்றார்.

நியூ ஜப்பானில் புதிதாகச் சேரும் பிள்ளைகளை இளஞ்சிங்கங்கள் என்கிறார்கள். டோக்கியோவில் நோகே என்ற இடத்தில் பயிற்சிக்கூடம். அங்கேயே தங்க வேண்டும். கறுப்புக் காற்சட்டை, கறுப்புச் சப்பாத்து, வேறு அலங்காரம் கிடையாது. மூத்தவர்களுக்குச் சமைப்பார்கள், கூட்டுவார்கள், துவைப்பார்கள். மேடையோரம் தண்ணீர்ப் போத்தலோடு நின்று பெரியவர்கள் மோதுவதைப் பார்ப்பார்கள். பகட்டான வித்தைகள் எதையும் செய்ய விடமாட்டார்கள். அடிப்படைப் பிடிகளைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இதில் ஒரு வரியைக்கூட மாற்றாமல் எங்கள் கூத்துப் பழக்கத்துக்கும் எழுதலாம். தேத்தண்ணி காய்ச்சுகிறவன், பெற்றோல்மாக்ஸுக்குக் காற்று அடிக்கிறவன், பிற்பாட்டுக்காரருக்குப் பின்னால் நின்று வாயை மட்டும் அசைக்கிறவன், இவர்கள்தான் ஐந்தாறு வருடத்தில் ராசாவாக வந்தார்கள்.

இன்றைக்கு எங்களிடம் அந்தப் பையன் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டால் யுத்தம் என்கிறோம். உண்மைதான். 1990இல் நாங்கள் வள்ளத்தில் ஏறி மண்டபம் அகதி முகாமுக்குப் போனோம். பழகிய ஆட்கள் திருச்சிக்கும் கனடாவுக்குமாய்ச் சிதறினார்கள். கூத்துக் கொப்பிகள் கறையானுக்கும் கடலுக்கும் போயின. ஆனால் யுத்தம் முடிந்து 16 வருடம் தாண்டிவிட்டது. தலைமன்னார் ரயில்கூட 2015இல் திரும்பி வந்துவிட்டது. கூத்து ஏன் வரவில்லை?

வந்தது. பணம் கிடைத்தால் வந்தது. ஒரு தடவை எங்களை ஆடச் சொன்ன அமைப்பொன்று, பெயர் வேண்டாம், இரண்டு முறை திகதியை மாற்றியது. வேலைக்கு லீவு போட்டு வந்த பிள்ளைகள் இரண்டு தரமும் திரும்பிப் போனார்கள். மூன்றாவது தடவை, பிரதம விருந்தினருக்கு நேரமில்லை, 40 நிமிடத்துக்குள் முடியுங்கள் என்றார்கள். ஓர் இரவுக் கூத்தை 40 நிமிடமாக்கினால் வரவு இருக்கும், சண்டை இருக்கும். ராசா ஏன் அழுகிறான் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் குழுவில் இருந்த மூன்று பொடியன்மார் அதற்குப் பிறகு பழக்கத்துக்கு வரவில்லை. நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எந்த நாளுக்காகப் பழகுகிறோம் என்று தெரியாமல் ஐந்து மாதம் யார் பழகுவார்?

ஜப்பான்காரர் ஆவணி மாத அளவில் ஜி1 கிளைமாக்ஸ் என்றொரு சுற்றுப்போட்டி வைப்பார்கள். அதில் வென்றவர் ஜனவரி 4 மேடையில் பட்டத்துக்கு மோதுவது பல வருட வழக்கம். ஐந்து மாதம் சனம் அதையே பேசும். திகதி அசையாததால் கதை ஓர் இரவுக்குள் அடங்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2015 ஜனவரி 4இல் ஒகாடா தனஹாஷியிடம் தோற்று, முகத்தை மூடாமல் அழுதபடியே அந்த நீண்ட நடைபாதையில் திரும்பிப் போனார். அடுத்த வருடம் அதே திகதியில், அதே மேடையில், அதே ஆளை வென்றார். பத்து வருடம் கழித்து, வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டிருந்த அதே ஒகாடாதான் தனஹாஷியின் கடைசிச் சண்டைக்குத் திரும்பி வந்தார். என் மருமகனுக்குப் பக்கத்தில் தொப்பியைக் கழற்றிய கிழவர் அழுதது அந்த ஓர் இரவுக்காக மட்டுமா? இத்தனை வருட ஜனவரி 4களையும் மடியில் வைத்துக்கொண்டல்லவா அவர் இருந்தார்!

ஆகவே நான் ஒரு திகதி கேட்கிறேன். ஜனவரி 6. மூவிராசாக்கள் திருநாள். திருவழிபாட்டில் பக்கத்து ஞாயிறுக்கு மாற்றிக் கொண்டாடினாலும் எங்கள் மனசில் அது 6ஆம் திகதிதான். நத்தாருக்கு ஊருக்கு வந்த வெளிநாட்டுச் சொந்தக்காரர் பாதிப்பேர் அன்றைக்கும் இங்கேதான் இருப்பார்கள். வாடை பலமாக அடித்தால் வள்ளங்கள் கரையில் ஏறிக் கிடக்கும். ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். தபசுகாலம் தொடங்க இன்னும் நாள் இருக்கும்; அது வந்துவிட்டால் பேசாலைக்குப் பாஸ்கு நாடக வேலை தலைக்கு மேல். மழை வரலாம் என்பார்கள். வந்தால் கோயில் மண்டபத்துக்குள் ஆடலாம். 2027இல் ஜனவரி 6 புதன்கிழமை. அதை வெள்ளிக்கோ சனிக்கோ மாற்றலாமே என்று யாராவது கேட்பார்கள். மாற்றக் கூடாது. முதல் வருடம் மாற்றினால் மூன்றாவது வருடம் கூத்து இருக்காது.

மறைமாவட்டத்திடமும் பிரதேச செயலகத்திடமும் நான் பெரிதாகப் பணம் கேட்கவில்லை. அந்த ஓர் இரவுக்கு அந்த முற்றத்தையும் வெளிச்சத்தையும் வேறு எதற்கும் கொடுக்க மாட்டோம் என்று எழுதித் தந்தால் போதும். பிரதம விருந்தினர் வேண்டாம். வருகிறவர் பாயோடு வரட்டும். வங்காலை, முருங்கன், தாழ்வுபாடு, நானாட்டான், எந்த ஊர் ஆடுவது என்பதை ஆவணியில், மடுமாதா திருவிழா முடிந்த கையோடு கூடி முடிவு செய்வோம். ஆடுவது மாதோட்டப் பாங்கிலா யாழ்ப்பாணப் பாங்கிலா என்ற சண்டையையும் அப்போதே பிடித்து முடித்துவிடலாம்.

முதல் வருடம் ஐம்பது பேர் வரலாம். ஐம்பது பேருக்கு முன்னால் ஆடுவோம்.

மூவிராசாக்கள் கொப்பி என்னிடம் இருக்கிறது. அப்பா மண்டபம் முகாமுக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தது. நடுவில் பதினொரு பக்கம் இல்லை. ஏரோது மந்திரியோடு பேசும் இடம். கனடாவில் இருக்கும் ஒருவருக்கு அந்தப் பாட்டுகள் மனப்பாடம். போன வாரம் இரண்டைத் தொலைபேசியில் பாடி அனுப்பியிருக்கிறார். மத்தளத்துக்குத் தோல் மாற்ற வேண்டும். விரல் மடங்காத கையோடு நான் ராசாவாக முடியாது. தாளம் போடுவேன்.