விழுந்தவர் மேலேயே பழியா?

ஆலைக்குள் ஒரு தொழிலாளி வழுக்கி விழுந்தால் நிர்வாகத்தின் பேனா உடனே எழுதும் வார்த்தை ஒன்றுதான்: “அஜாக்கிரதை!” கால் ஒடிந்தவர் ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே தீர்ப்பு எழுதி முடிந்துவிடுகிறது.

நூற்பாலைத் தோழர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இயந்திரங்களுக்கு நடுவே உள்ள சந்தில் காலிப் பாபின்கள் உருண்டு கிடக்கும். எண்ணெய் கசிந்த இடத்தில் பஞ்சு படிந்து, எண்ணெயே கண்ணுக்குத் தெரியாது. அறுந்த இழை எங்கே என்று பார்த்துக்கொண்டே நடப்பதுதான் வேலை. அதே கண் தரையையும் பார்க்க வேண்டுமாம்! மேஸ்திரி “சீக்கிரம், சீக்கிரம்” என்கிறார். சுவரிலுள்ள பலகை “மெதுவாக நடக்கவும்” என்கிறது. யார் சொல்லுக்குக் கீழ்ப்படிவது?

ஆபீசிலே என்ன விபத்து என்று சிலர் கேட்கிறார்கள். நானும் அப்படி நினைத்தவன்தான். எனக்குத் தெரிந்த ஒரு ஆலை ஆபீசில், அதிகாரிகள் வருமுன் தரை பளபளக்க வேண்டும் என்பது உத்தரவு. காய விட நேரம் கிடையாது. துடைத்த அம்மாளே ஈரத்தில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். “செருப்பில்லாமல் வந்தாள்” என்றார் மானேஜர். துடைக்கிறவர்கள் செருப்போடு உள்ளே வரக்கூடாது என்று சொன்னவரும் அவரேதான்!

வழுக்குவது தலைவிதியல்ல. காலுக்கும் தரைக்கும் இடையே தண்ணீரோ எண்ணெயோ மெல்லிய படலமாக நின்றால் பிடிப்பு போய்விடும். வரப்பில் நடக்கும் விவசாயத் தொழிலாளி கால்விரலைச் சேற்றில் ஊன்றித் தப்புவார். பாலீஷ் போட்ட தரையில் எதில் ஊன்றுவது? மாடிப்படியில் ஒரு படி மட்டும் சற்று உயர்ந்திருந்தாலும், மற்ற படிகளுக்குப் பழகிய கால் அங்கே தட்டும். சொட்டும் எண்ணெய்க்கு ஒரு தட்டு, தண்ணீருக்கு வடிகால், படிக்கட்டுக்குக் கைப்பிடி, இருட்டு மூலைக்கு ஒரு பல்பு. இதற்கா பணமில்லை?

தரையும் படியும் உறுதியாக இருக்க வேண்டும், இடறும் பொருளும் வழுக்கும் பொருளும் கிடக்கக்கூடாது என்று 1948-ம் வருஷத்து பாக்டரிச் சட்டத்தின் 32-வது பிரிவே சொன்னது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொகுப்புச் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. மின்சக்தியோடு 10 பேர் வேலை செய்தால் பாக்டரி என்றிருந்ததை அது 20 பேர் என்று உயர்த்திவிட்டது. சிறு பட்டறைக்காரர்களுக்குக் கொண்டாட்டம்!

ஆனால் ஒன்றைத் தோழர்கள் மறக்கக்கூடாது. வெறும் அஜாக்கிரதை, நஷ்டஈட்டை மறுக்கக் காரணமாகாது. குடிபோதை, பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறுவது, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றுவது ஆகியவையே 1923-ம் வருஷத்துச் சட்டம் முதலாளிக்கு விட்டுவைத்த சாக்குகள். புதிய சட்டத்திலும் அவையேதான். மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்தால் அந்தச் சாக்குகளும் செல்லாது. இ.எஸ்.ஐ.யில் உள்ளவருக்குத் தற்காலிக ஊனத்துக்குக் கூலியில் 90 சதவீதம் உண்டு.

அதனால்தான் விபத்தை “லீவு” என்று எழுதி மூடப் பார்க்கிறார்கள். அன்றைக்கே விபத்துப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். எண்ணெய் கசியும் இடத்தைத் தேதியோடு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வையுங்கள். எழுதாத காகிதத்தில் கைநாட்டு வைக்காதீர்கள். அந்த அம்மாளிடம் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே வாங்கிப் போய்விட்டார்கள். அந்தக் காகிதத்தோடு மல்லுக்கட்டவே சங்கத்துக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.