'வெற்றிகரமாக அனுப்பப்பட்டது' என்னும் பச்சைப் பொய்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை... 2019ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தாலும் தோல் தொழிலுக்கு இது எல்லாம் ஒரே ஊர்தான். இந்தப் பக்கம் ஷூ கம்பெனியோ டேனரியோ நடத்தும் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். "பாய், உங்க வெப்சைட்ல என்கொயரி ஃபார்ம் இருக்கே, அதுல கடைசியா எப்ப ஒரு என்கொயரி வந்துச்சு?"

"அதுல எல்லாம் யாரு தம்பி அனுப்புறாங்க!" என்று அவர் சிரித்தால் கூடவே சிரித்துவிடாதீர்கள். யாருமே அனுப்பவில்லையா? இல்லை, அனுப்பியது வந்து சேரவில்லையா? அவர் மேஜையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். காலி இன்பாக்ஸ்!

பி.காம். படிப்பவர்களுக்கு இது பழகிய சமாச்சாரம். ஒரு பில் கணக்கில் ஏறாமலே போய்விட்டால் இருப்பாய்வு அழகாகச் சமன் ஆகும். 'முழு விடு பிழை' என்று அதற்குப் பெயரே இருக்கிறது. கூட்டல் சரியாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார். வெப்சைட் விஷயத்தில் மட்டும் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறார்கள்.

எப்படி என்கிறீர்களா? வெப்சைட் செய்து கொடுப்பவர் முதலாளி முன்னால் உட்கார்ந்து ஃபார்மைத் திறக்கிறார். பெயர்: டெஸ்ட். செய்தி: டெஸ்ட் டெஸ்ட். பட்டனை அழுத்தினால் 'உங்கள் செய்தி வெற்றிகரமாக அனுப்பப்பட்டது' என்று பச்சை நிறத்தில் ஒரு வரி வருகிறது. அவருடைய சொந்த ஜிமெயிலில் மெயிலும் விழுகிறது. "பாருங்க சார், வேலை செய்யுது." ஃபைனல் பில் செட்டில். பிறகு, பெறுநர் முகவரியைக் கம்பெனி முகவரியாக மாற்றிவிட்டுப் போய்விடுகிறார். மாற்றிய பிறகு இன்னொரு தடவை சோதித்தாரா? அதை யாரும் கேட்பதில்லை.

அந்தப் பச்சை வரிக்கு உண்மையில் என்ன அர்த்தம்? பி.எச்.பி. மொழியின் மெயில் கட்டளை 'சரி' என்று சொன்னால், மெயிலை அந்த சர்வர் கையில் வாங்கிக்கொண்டது என்று மட்டும்தான் அர்த்தம். போய்ச் சேர்ந்ததற்கு இது உத்தரவாதம் இல்லை என்று அதன் அதிகாரபூர்வக் கையேடே எச்சரிக்கிறது. கூரியரை கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட்டு வந்து "ஜெர்மனிக்கு டெலிவரி ஆயிடுச்சு சார்" என்று ஆபீஸ் பையன் சொன்னால் முதலாளி சும்மா விடுவாரா?

இப்போது எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். இதே ஊரில் ஒரு ஷூ, பையர் கைக்குப் போவதற்கு முன் எத்தனை சோதனையைத் தாண்டுகிறது! தோலை ஆயிரக்கணக்கான தடவை மடித்துப் பார்க்கிறார்கள். சாயம் போகிறதா என்று தேய்த்துப் பார்க்கிறார்கள். உடம்பில் படும் தோல் பொருட்களில் குரோமியம் 6 ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக்கூடாது என்று 2015 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம். லேப் ரிப்போர்ட் இல்லாமல் சரக்கு நகராது. "தோலைத் தொட்டுப் பார்த்தேன், நல்லா இருக்கு" என்று சொன்னால் எந்தப் பையராவது ஒத்துக்கொள்வாரா? அப்படிப்பட்ட ஊர், கம்பெனியின் வாசலான வெப்சைட்டை மட்டும் 'டெஸ்ட் டெஸ்ட்' என்று ஒரு மெயிலோடு ஏற்றுக்கொள்கிறது!

அந்த ஒரு மெயில் எதையெல்லாம் மறைக்கும் தெரியுமா?

முதலாவது, அனுப்புநர் முகவரி. ஃபார்மை நிரப்பியவரின் முகவரியையே 'ஃப்ரம்' என்று போட்டு அனுப்பும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. 1982ல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்.எம்.டி.பி. விதிகளில் அனுப்புநர் யார் என்று சரிபார்க்க வழியே கிடையாது. இன்லேண்டு லெட்டரின் பின்னால் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் என்பது மாதிரி. அந்த ஓட்டையை அடைக்கத்தான் பிற்பாடு மூன்று ஏற்பாடுகள் வந்தன. எஸ்.பி.எஃப். என்பது எந்தெந்த சர்வர் இந்த டொமைன் பெயரில் அனுப்பலாம் என்ற கேட் ரிஜிஸ்டர். டி.கே.ஐ.எம். என்பது கன்டெய்னர் சீல் மாதிரி, வழியில் பிரித்தால் தெரிந்துவிடும். டிமார்க் என்பது இரண்டும் பொருந்தாத மெயிலை என்ன செய்வது என்று வாட்ச்மேனுக்கு டொமைன்காரர் கொடுக்கும் உத்தரவு.

2014 ஏப்ரலில் யாஹூ தன் முகவரிகளுக்கு 'நிராகரி' என்ற உத்தரவைப் போட்டது. அப்படியானால், யாஹூ முகவரி உள்ள ஒருவர் ஃபார்மை நிரப்பி, வேறு ஏதோ ஹோஸ்டிங் சர்வர் அதை யாஹூ பெயரில் அனுப்பினால்? டிமார்க்கை மதிக்கும் சர்வர் வாசலிலேயே திருப்பிவிடும். வெளிநாட்டுப் பெரிய கம்பெனிகளிலும் பல இதே உத்தரவை வைத்திருக்கின்றன. யோசித்துப் பாருங்கள்... எந்தப் பையர் அதிக ஜாக்கிரதையானவரோ அவருடைய என்கொயரிதான் முதலில் தொலையும்! 'ஃப்ரம்' கம்பெனியின் சொந்த முகவரியாகவும், 'ரிப்ளை டு' பையரின் முகவரியாகவும் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

இரண்டாவது இன்னும் கொடுமை. கம்பெனி மெயிலை கூகுளுக்கோ மைக்ரோசாஃப்ட்டுக்கோ மாற்றியிருப்பார்கள். வெப்சைட் மட்டும் பழைய ஹோஸ்டிங்கில் இருக்கும். சிபேனலில் மெயில் ரூட்டிங் 'லோக்கல்' என்றே விட்டிருந்தால், அந்த சர்வர் "இந்த முகவரி என் வீட்டில்தானே இருக்கிறது" என்று நினைத்து, யாரும் திறக்காத பழைய பெட்டியிலேயே மெயிலைப் போட்டுக்கொண்டிருக்கும். திரும்பி வராது, எர்ரர் காட்டாது, மாதக்கணக்கில் குவியும். 'ரிமோட்' என்று மாற்ற ஒரு நிமிஷம்கூட ஆகாது.

மூன்றாவது, அக்கம்பக்கம். மலிவு ஹோஸ்டிங்கில் பல வெப்சைட்டுகள் ஒரே ஐ.பி. முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. அதில் ஒருவர் ஸ்பாம் அனுப்பினால் எல்லோரும் கறுப்புப் பட்டியலில். பாலாற்றங்கரை ஊர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மாசுபடுத்தியவனே செலவை ஏற்க வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28ல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் சொன்னது. மெயில் உலகத்தில் அந்தத் தீர்ப்பு செல்லாது. மாசு அவருடையது, நஷ்டம் உங்களுடையது.

சரி, எப்படித்தான் சோதிப்பது? மெயில் சர்வர் பேசும் பாஷையில் ஒளிவு மறைவே கிடையாது. பதில் 2ல் தொடங்கினால் ஏற்றுக்கொண்டது, 4ல் தொடங்கினால் பிறகு வா, 5ல் தொடங்கினால் முடியாது. இணைப்பே கிடைக்காமல் நேரம் போனால் முதலில் போர்ட்டைச் சந்தேகப்படுங்கள். கூகுள் கிளவுட், அமேசான் போன்றவை வெளியே போகும் 25ஐ மூடி வைத்திருக்கின்றன, 587 அல்லது 465 வழியாகத்தான் அனுப்ப வேண்டும். 535 வந்தால் பாஸ்வேர்டு சிக்கல். 2022 மே 30க்குப் பிறகு தனிநபர் ஜிமெயிலின் சாதாரணப் பாஸ்வேர்டை இப்படி வெப்சைட்டில் போட்டால் வேலை செய்யாது, ஆப் பாஸ்வேர்டு வேண்டும். 550 வந்தால் அதோடு வரும் வாசகத்தைப் படியுங்கள், காரணம் பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

படிக்காமல் என்ன செய்கிறார்கள்? சர்டிஃபிகேட் எர்ரர் வந்தால் சரிபார்ப்பையே அணைத்துவிடுகிறார்கள். சாவி சேரவில்லை என்று பூட்டையே கழற்றி வைப்பது மாதிரி! எங்கிருந்தோ காப்பி அடித்து ஒரே டொமைனுக்கு இரண்டு எஸ்.பி.எஃப். வரி போடுகிறார்கள். விதிப்படி ஒன்றுதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. கடைசியாக ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' என்பதை அழுத்தி மூன்றுக்கும் 'பாஸ்' இருக்கிறதா என்று பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகாது.

"எல்லாம் வாட்ஸ்அப்லயே நடக்குது, மெயில் எதுக்கு?" என்பார்கள். பழைய பையருக்கு அது சரி. புதுப் பையரிடம் உங்கள் நம்பர் ஏது? 2025 ஆகஸ்ட் 27ல் இந்தியப் பொருட்கள் பலவற்றின் மேல் அமெரிக்கா போட்ட வரி 50 சதவீதம் ஆனபோது, ஒரே நாட்டை நம்பியிருப்பதன் ஆபத்து எல்லோருக்கும் உறைத்தது. புது நாட்டில் புதுப் பையர் தேடும் காலத்தில் வெப்சைட்டில் வந்து விழும் ஒரே ஒரு என்கொயரி ஒரு சீசன் ஆர்டராக இருக்கலாம். அது தொலைந்தால் நஷ்டம் முதலாளிக்கு மட்டுமா? அப்பர் தைக்கும் லைனில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் சம்பளமும் அதில்தான் இருக்கிறது.

இதே அலட்சியத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. டிமார்க் இல்லாத டொமைனின் பெயரில் யார் வேண்டுமானாலும் "எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது, பணத்தை இதில் போடவும்" என்று பையருக்கு எழுதலாம். வியாபார மெயிலை வைத்து நடக்கும் இப்படிப்பட்ட மோசடிகளில் 2023ல் மட்டும் சுமார் 290 கோடி டாலர் இழப்பு என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.க்குப் புகார்கள் வந்தன. ஒரு எழுத்து மாற்றிய போலி டொமைனையும், திருடப்பட்ட பாஸ்வேர்டையும் டிமார்க் தடுக்காது என்பது உண்மை. அதற்காகத் திறந்த கதவைத் திறந்தே வைக்க வேண்டுமா?

"அது டெக்னிக்கல் விஷயம், பையன் பார்த்துப்பான்" என்பதுதான் கடைசிச் சாக்கு. பையன் பார்த்துக்கொள்ளவில்லை என்பதுதானே இங்கே பிரச்சினை! வவுச்சர் இல்லாமல் என்ட்ரி போடாதவர்கள், சோதனை ரிப்போர்ட் இல்லாமல் வெப்சைட் பில்லைப் பாஸ் செய்யக்கூடாது. கேட்க வேண்டியது மூன்றுதான். டொமைன் கம்பெனி பெயரில் இருக்க வேண்டும். மூன்று 'பாஸ்' தெரியும் பக்கத்தின் பிரிண்ட் அவுட்டை ஃபைனல் பில்லோடு இணைக்க வேண்டும். மாதா மாதம் பேங்க் கணக்கைச் சரிக்கட்டும் அன்றே ஃபார்மையும் ஒரு தடவை நிரப்பிப் பார்க்க வேண்டும். சர்வர் மாறும், பாஸ்வேர்டு மாறும், விதியும் மாறும். ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புவோருக்கு எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றும் கட்டாயம் என்றும், மற்றவர்களுக்கு முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும் என்றும் 2024 பிப்ரவரியில் ஜிமெயில் சொன்னது. அதற்கு முன் செய்த சோதனை இன்றைக்கு எதற்கு உதவும்?

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லிவிட்டு, அவருடைய யாஹூ முகவரியைப் போட்டு உங்கள் கம்பெனி ஃபார்மை நிரப்புங்கள். பச்சை வரி வரும். அதை விடுங்கள். இன்பாக்ஸைப் போய்ப் பாருங்கள்.