அருவிக்குப் போகிறவர்களே, மேலே பாருங்கள்!

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலு மணி. ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போ பக்கத்து டீக்கடையில் ஐந்தாறு மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. வாலிபர்கள் முதுகில் பை, முகத்தில் உற்சாகம்.

"எங்கே தம்பி, இந்த நேரத்தில்?"

"தடா அருவிக்கு அண்ணே! சாயங்காலம் திரும்பிவிடுவோம்."

போகட்டும். நல்ல காரியந்தான். ஆறு நாள் வேலைக்கு ஓடிய கால்கள் ஏழாவது நாள் மலையில் நடந்தால் உடம்புக்கும் நல்லது, மனதுக்கும் நல்லது. ஆனால், போகும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகட்டும்.

பெயரே எச்சரிக்கை

தடா அருவி என்று நாம் சொல்லுவது ஆந்திராவில், வரதய்யபாளையம் பக்கத்தில் இருக்கிறது. அதன் சொந்தப் பெயர் உப்பலமடுகு. தெலுங்கில் "மடுகு" என்றால், தமிழில் "மடு". அதாவது, ஆழமான நீர்நிலை!

இரண்டு பக்கமும் காடும் பாறையும். நடுவே ஓடை. அதன் வழியே கல்லுக்குக் கல் தாவி நடக்க வேண்டும். முடிவில் அருவி. பார்த்தால் பசி தீரும் அழகு!

ஆனால் அருவியின் அடியில் இருக்கும் மடு, நீச்சல் குளம் அல்ல. குளத்தில் ஆழம் எழுதி வைத்திருப்பார்கள். இங்கே எழுதி வைக்க ஆள் ஏது? தண்ணீருக்குள் பாறை இருக்கும், பாறைக்கு அடியில் பொந்து இருக்கும். குதித்தவன் தலை எதில் மோதும் என்று யார் சொல்ல முடியும்? ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றார்கள் பெரியவர்கள். இன்றோ, தலையையே விடுகிறார்கள்!

மழை அங்கே, வெள்ளம் இங்கே

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது.

மலைச்சரிவில் பெய்யும் மழை பாறையில் தங்காது. நாலா பக்கமும் வழிந்து, ஒரே பள்ளத்துக்கு வந்து சேரும். பள்ளமோ குறுகல். தண்ணீர் பரவ இடம் இல்லை, உயரத்தான் வேண்டும். முழங்கால் அளவு ஓடை, சிறிது நேரத்தில் ஆளை மூழ்கடிக்கும் காட்டாறு ஆகிவிடும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக் கொண்டிருக்கலாம். மழை மேலே பெய்திருக்கும்.

2024-ம் ஆண்டு மே 17-ந் தேதி பழைய குற்றாலத்தில் நடந்தது நினைவிருக்கிறதா? அருவியில் திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. குளித்துக் கொண்டிருந்தவர்கள் அலறி ஓடினார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிர் இழந்தான். கடைகளும் போலீசாரும் உள்ள குற்றாலத்திலேயே இந்தக் கதி. ஆள் இல்லாத காட்டில் என்ன ஆகும்?

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிய பாடமும் அல்ல. 2015 டிசம்பர் 1-ந் தேதி, பக்கத்தில் உள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29 ஆயிரம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. அன்று இரவு அடையாற்றுக் கரையில் படுத்தவர்கள் கண் விழித்தபோது, வீட்டுக்குள் வெள்ளம்! மேலே இருக்கும் தண்ணீர் கீழே இருப்பவனைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

தடை போட்டால் போதுமா?

"அருவிகளை எல்லாம் மூடிவிட வேண்டும்" என்கிறார்கள் சிலர். அது சரி அல்ல. வாசலை அடைத்தால் வாலிபர்கள் வேலி தாண்டிப் போவார்கள். அப்போது, யார் போனார்கள், யார் திரும்பினார்கள் என்ற கணக்கும் இராது.

2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத் தீ பல உயிர்களைக் குடித்தது. அதன் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024-ல் 40 பாதைகளை அரசே ஏற்று, வழிகாட்டிகளோடு மக்களை அழைத்துச் செல்லத் தொடங்கியது. அதுதான் சரியான வழி. தீ கற்றுத் தந்த பாடத்தை, தண்ணீருக்கும் பயன்படுத்த வேண்டும். பள்ளத்தாக்கு அருவி ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு காவலர் இருக்கட்டும். அவர் கையில் ஒரு ஊதல் இருக்கட்டும். கீழே, உள்ளே போகிறவர் பெயரை எழுத ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். இதற்குக் கோடி ரூபாய் வேண்டாம்; மனம் இருந்தால் போதும்.

நம் கடமை

அரசாங்கம் செய்யட்டும் என்று நாமும் சும்மா இருக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அருவி அழகாகத்தான் இருக்கும். அந்த அழகை நம்பாதீர்கள். வனத்துறை "போகாதே" என்றால் திரும்பிவிடுங்கள். குடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்காதீர்கள். தெளிந்த ஓடை கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், தூரத்தில் இரைச்சல் கேட்டால், ஒரு நிமிஷமும் நிற்காதீர்கள். ஓடையோடு கீழே ஓடாதீர்கள். பக்கத்துக் கரை மேட்டில் ஏறுங்கள். செருப்பும் செல்போனும் போனால் போகட்டும். அடுத்த மாதம் வேறு வாங்கலாம்.

அருவி எங்கும் ஓடிவிடாது. இந்த ஞாயிறு இல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு பார்க்கலாம். ஆனால், "சாயங்காலம் வந்துவிடுகிறேன்" என்று நீங்கள் சொன்ன வார்த்தையை நம்பி, அடுப்பில் சோற்றை வைத்துக் கொண்டு ஒரு தாய் காத்திருக்கிறாள். அவளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள்!