40-ல வெச்சா 46 போகுதா? டார்க் ரெஞ்ச் வாங்கியவர்கள் கவனத்துக்கு!

சித்தப்பா புதுசா டார்க் ரெஞ்ச் வாங்கியிருக்கார். முதல் வேலை, காரில் ஆக்சிஜன் சென்சார் மாற்றுவது. மேனுவலில் 40 நியூட்டன் மீட்டர் என்று இருக்க, ரெஞ்சிலும் 40 வைத்தார். தலையில் ஒயர் வருவதால் சாதாரண சாக்கெட் நுழையாது. அதனால் முன்னால் 5 செ.மீ. நீளத்துக்கு 'க்ரோஃபுட்' மாட்டினார். பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணன் பார்த்துவிட்டு, "சார், இறுக்காதீங்க. ரெஞ்ச் 40-னு சொல்லும், மரைக்கு 46 போகும்" என்றார்.

எப்படி? நீளமான கடப்பாரையால் நெம்பினால் கல் சுலபமாக அசையும் இல்லையா, அதே கதைதான். சித்தப்பாவின் ரெஞ்சில் கைப்பிடி நடுவிலிருந்து சாக்கெட் மாட்டும் சதுரத்தின் மையம் வரை 35 செ.மீ. க்ரோஃபுட்டோடு சேர்த்தால் 40 செ.மீ. ரெஞ்சுக்குத் தெரிந்தது அதன் 35 மட்டும்தான். கூடுதல் 5 செ.மீ. அதன் கணக்கில் வராது.

கணக்கு இவ்வளவுதான்: தேவையான டார்க்கை ரெஞ்ச் நீளத்தால் பெருக்கி, மொத்த நீளத்தால் வகுக்க வேண்டும். 40 x 35 ÷ 40 = 35. ஆக, 35-ல் வைத்தால் சென்சாருக்குச் சரியாக 40 போகும். ஆனால், கையைக் கைப்பிடியின் நடுவில்தான் பிடிக்க வேண்டும். பைப்பைச் செருகி இழுத்தால் இந்தக் கணக்கு செல்லாது.

6 தானே அதிகம் என்கிறீர்களா? அதே இடத்தில் 15 செ.மீ. துண்டு மாட்டியிருந்தால் 57 போயிருக்கும். மரை போனால் சென்சாரோடு சைலன்சர் பைப்புக்கும் சேர்த்துச் செலவு.

க்ரோஃபுட்டை ரெஞ்சுக்குக் குறுக்காக, 90 டிகிரியில் மாட்டினால் செட்டிங்கை மாற்றவே வேண்டாம். சாக்கெட்டுக்கு மேல் செங்குத்தாகப் போடும் எக்ஸ்டென்ஷன் ராடுக்கும் அப்படித்தான். பலர் இங்கேதான் குழம்பி, வீல் நட்டுக்குப் போய்க் குறைத்து வைக்கிறார்கள். அது இன்னும் ஆபத்து!

சித்தப்பா 35 வைத்தார். 'டக்' சத்தம் வந்ததும் நிறுத்தினார். வேலை முடிந்து ரெஞ்சைக் குறைந்தபட்ச அளவுக்குத் திருப்பிவிட்டுப் பெட்டியில் வைத்தார். அளப்பதற்காகச் சித்தியின் தையல் மெஷினிலிருந்து எடுத்த டேப்தான் இன்னும் திரும்பவில்லை.