இறால் ஆகாவிட்டால் மீனும் ஆகாதா?

தூத்துக்குடிக் கரையில் கிடைக்கும் வெள்ளை இறாலைத் தின்றால் சிலருக்கு உடம்பெல்லாம் தடித்து அரிக்கும். சிலருக்கு மூச்சே அடைக்கும். உடனே வீட்டார், "இனி உனக்குக் கடல் சாமானே ஆகாது" என்று விடுவார்கள். மீனும் சோறுமாக வாழும் ஊரில் இது சிறிய தண்டனையா? பெரும்பாலும் தேவையற்ற தண்டனையும்கூட.

குற்றவாளி இறால் முழுவதும் அன்று. முக்கியமாக அதன் தசையிலுள்ள டிரோப்போமயோசின் என்னும் புரதமே. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பி. வி. சுப்பா ராவ் குழுவினர், அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து நம் வெள்ளை இறாலையே ஆராய்ந்தனர். வேகவைத்தாலும் கெடாத அப்புரதத்தை 1989-இல் பிரித்துக் காட்டினர்; அது டிரோப்போமயோசின்தான் என்று 1993-இல் நிறுவினர். மீன் ஒவ்வாமைக்கு முக்கிய காரணமோ பார்வால்புமின் என்ற வேறு புரதம். ஆகவே இறால் ஆகாதவர் பலருக்கு மீன் ஒன்றும் செய்யாது. நண்டு அப்படியன்று, அதிலும் ஏறக்குறைய இறாலின் புரதமே.

பழங்களிலும் இதே கதைதான். பீச் பழத்தின் ஒரு புரதம் பெரும்பாலும் வாய் அரிப்போடு விட்டுவிடும். வெப்பத்துக்கும் செரிமான நொதிக்கும் அசையாத மற்றொன்று உயிருக்கே உலை வைக்கக்கூடும். பழச்சாற்றை மொத்தமாக வைத்துச் சோதித்தால் எது எதுவென்று எப்படித் தெரியும்?

எனவே தனிப் புரதத்தைக் கொண்டு செய்யும் இரத்தச் சோதனை நம் கரையோர அரசு மருத்துவமனைகளுக்கு வரவேண்டும் என்பேன். ஆனால் தூசியில் வாழும் சிற்றுண்ணியிலும் கரப்பானிலும்கூட டிரோப்போமயோசின் உண்டு! தின்றபின் என்ன நேர்ந்தது என்று விசாரிக்காமல் சோதனைத் தாளை மட்டும் நம்பினால் பிழை நேரும். மூச்சுத் திணறியவர் "ஒன்றே ஒன்று" என்று வீட்டில் தின்று பார்க்கவே கூடாது. அந்தச் சோதனை, அட்ரினலின் ஊசி தயாராக உள்ள மருத்துவமனையில் மட்டுமே.